ஊருக்கு ஒரு வாசல்

தனசீலன் கோபத்தோடு வந்தபோது குணசுந்தரி பார்த்திபனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நம்மளை அழிச்சுட்டாங்க."

"கொஞ்சம் இருங்க. இந்தக் கையை முடிச்சுடறேன்."

தனசீலனால் நிற்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தார்.

ஜோலார்பேட்டை ரயில் சந்திப்புக்குப் பின்னால், ஓடாத அரிசி ஆலை ஒன்றில் இருக்கிறது சேர்விடம். மனம் கலங்கி வீட்டைவிட்டுக் கிளம்பி, கண்ணில் பட்ட ரயிலில் ஏறி, தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, மருந்து கொடுத்து, வீடு எதுவென்று விசாரித்து அனுப்பிவைப்பதுதான் அங்கே நடக்கும் வேலை. குணசுந்தரி ரயில்வே போலீசில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கினார். கூட இருந்து கற்றுக்கொள்ளச் சிலர் வந்து சேர்ந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைச் சீடர்கள் என்று பாதி கேலியாகச் சொல்லப்போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தனசீலன் அந்தச் சீடர்களில் ஒருவர். குருவைவிட வயதில் மூத்தவர். சென்னையில் இருபது வருடம் ஒரே தொழில் செய்தார். தேடுபொறியில் யாராவது வீட்டுக் கடன் என்றோ மனை விற்பனை என்றோ தட்டினால், காசு கொடுத்தவனின் வலைத்தளம் முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்கு என்னென்ன செய்யலாமோ அதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருமுறை அலுவலகத்தில் சேர்ந்த பழைய போர்வைகளைக் கொடுக்க வந்தார். அடுத்த மாதம் சும்மா வந்தார். அதற்கப்புறம் திரும்பிப் போகவில்லை.

சேர்விடத்தில் அவருக்குச் சமைக்க வராது. ஊசி போட வராது. வந்தது ஒன்றுதான். சேர்விடத்தின் வலைத்தளத்துக்கு அதை முழுமனதோடு கொடுத்தார்.

குணசுந்தரி நகவெட்டியைக் கீழே வைத்தார்.

"இப்பச் சொல்லுங்க."

"தேடுபொறியில நம்ம தளமே வரலை. சேர்விடம்னு பேரைத் தட்டினாக்கூட வரலை. தண்டனையாம். தேடுபொறிக்காரன் ஒரு வரி அனுப்பியிருக்கான். அதுல ஆள் பேர் கிடையாது, போன் நம்பர் கிடையாது. ஏன்யா இப்படிப் பண்ணினேன்னு ஒரு மனுஷன்கிட்ட போய்க் கேக்க வழி கிடையாது!"

"என்ன தப்புன்னு போட்டிருக்கு?"

"ரெண்டு தப்பாம். வேற தளங்கள்லேர்ந்து நம்ம தளத்துக்கு வர்ற இணைப்பெல்லாம் தானா வந்ததில்லையாம். நாமளே ஏற்பாடு பண்ணினதாம்."

"நாம ஏற்பாடு பண்ணினதா?"

"நான் பண்ணினேன்." தனசீலன் குரலைச் சற்றுத் தணித்தார். "எல்லாரும் பண்றதுதான்மா. பத்துப் பேர் கைகாட்டுற கடைக்குத்தானே கூட்டம் போகும்? அதே மாதிரி நாலு தளம் நம்மளைக் கைகாட்டினா, இவங்க பெரிய ஆளுங்கன்னு தேடுபொறி நினைச்சுக்கும். மேல கொண்டுவரும்."

"யார் கைகாட்டுறாங்க நம்மளை?"

"ஒரு டைல்ஸ் கடை. ஒரு ஜோசியர். கடன் ஆப் ஒண்ணு. அப்புறம் சீட்டு விளையாட்டு."

"ரம்மியா?"

"ஆமா."

பார்த்திபன் வெட்டிய நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். செல்போனில் ரம்மி விளையாடி வீட்டைத் தோற்றுவிட்டு, மனைவி முகத்தில் விழிக்க முடியாமல் ரயில் ஏறியவர்.

"அவங்களுக்கு நம்மளைத் தெரியுமா?" என்று கேட்டார் குணசுந்தரி.

"தெரியாது. அவங்க நம்ம பேரைப் போடுவாங்க. பதிலுக்கு நாம அவங்க பேரைப் போடணும்."

"நம்ம தளத்துலயா? நான் பார்த்ததே இல்லையே."

"கண்ணுக்குத் தெரியாதும்மா. பக்கத்துக்கு அடியில, வெள்ளை மேல வெள்ளை எழுத்து. வர்ற மனுஷங்க யாரும் பார்க்க மாட்டாங்க."

"அப்ப அது யாருக்கு?"

"மிஷினுக்கு."

குணசுந்தரி பார்த்திபனின் அடுத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ரம்மிக்காரன் பேரை முதல்ல எடுங்க. இப்பவே."

"எடுத்துடறேன். ஆனா நியாயத்தைச் சொல்லுங்க. இருபது வருஷம் பொய்க்கு இந்த வேலையைப் பார்த்தேன். ஏரியில மண்ணைக் கொட்டி மனை போட்டவனை முதல் பக்கத்துல உக்கார வச்சேன். ஒருத்தன் ஏன்னு கேக்கலை. முதல் தடவையா ஒரு நல்ல காரியத்துக்குச் செய்யறேன். இதுக்குத்தான் தண்டனையா?"

குணசுந்தரி அடுத்த விரலுக்குப் போனார்.

"மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இல்லம்னு போர்டு மாட்டியிருக்கான். உள்ள ஒரு ஜீவன் கிடையாது. வாடகைக்கு வயசானவங்களைக் கூட்டிவந்து படம் எடுத்துப் போட்டு வசூல் பண்றான். நான் செஞ்சதுக்கு நூறு மடங்கு செஞ்சிருக்கான். அவன் இன்னிக்கும் முதல்ல வர்றான்!"

"அநியாயம்தான்," என்றார் குணசுந்தரி.

அவர் மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று தனசீலன் காத்திருந்தார். நகவெட்டியின் சத்தம்தான் வந்தது.

மறுநாள் அவர் ஒரு முறையீடு எழுதினார். தேடுபொறிக்காரர்களுக்கு அனுப்புவதற்கு. எழுத எழுத ஆத்திரம் ஏறியது. 'எங்களைத் தண்டிப்பது ஆதரவற்றவர்களைத் தண்டிப்பதாகும். தொலைந்தவரைத் தேடும் குடும்பங்களின் கண்ணை நீங்கள் கட்டிவிட்டீர்கள்' என்று ஒரு வரி வந்து விழுந்தது. அந்த வரி அவருக்கே பிடித்துப்போயிற்று. குணசுந்தரி பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய் உரக்கப் படித்துக் காட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. அனுப்பிடறேன்."

"சாட்சி இருக்கா?"

"என்ன சாட்சி?"

"கண்ணைக் கட்டிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே. நம்மளைத் தேடிக் கிடைக்காமப் போனவங்க யாராவது வந்து சொன்னாங்களா?"

"கிடைக்காமப் போனவங்க எப்படிம்மா வந்து சொல்வாங்க?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுக் குணசுந்தரி அடுத்த பத்தையை எடுத்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் சாட்சி வந்தது.

பிலோமினா என்ற அந்தப் பெண்மணி தூத்துக்குடியில் கணக்கு டீச்சர். காணாமல் போன தம்பியைத் தேடி, பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபோதெல்லாம் ஊர் ஊராக அலைந்தவர். காட்பாடி நிலையத்தில் தம்பியின் படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டிருந்தபோது, டிக்கெட் பரிசோதகர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, எதற்கும் ஜோலார்பேட்டையில் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். உள்ளே வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மதிலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்ததும் கைப்பையை அப்படியே தரையில் போட்டார்.

"தஸ்நேவிஸ்!"

சேர்விடத்தில் அவரைக் கப்பல்காரர் என்பார்கள். பேரைக் கேட்டால் சொல்ல மாட்டார். ஊரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் "கப்பல் வந்துட்டு, கப்பல் வந்துட்டு" என்று எழுந்து நிற்பார். அவ்வளவுதான் அவரைப் பற்றித் தெரியும்.

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் கடைக்குப் போய்த் திரும்பி வந்தவரைப் பார்ப்பதுபோல.

"யக்கா, அம்மா மீன் வாங்கப் போயிருக்காளா?"

பிலோமினா தம்பியின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. அதைப் பார்க்கக் கூடாது என்பதுபோல எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவர் முகம் கழுவி, காபி குடித்து, கொஞ்சம் தேறி உட்காரும்வரை தனசீலன் பொறுத்திருந்தார். பிறகு முறையீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

"மேடம், உங்களை இவ்வளவு அலைய விட்டதுக்கு நாங்க காரணம் இல்லை. உங்க தம்பி படம் எங்க தளத்துல இருக்கு. நான்தான் போட்டேன். ஆனா தேடுபொறிக்காரன் எங்களை மறைச்சுட்டான். அதனாலதான் உங்களுக்குக் கிடைக்கலை. இதை நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"மறைச்சுட்டானா? எப்ப?"

"போன திங்கட்கிழமை."

பிலோமினா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க தளம் எப்படி இருக்கும்? பச்சைக் கலரா? மேல ரெண்டு கை சேந்தாப்ல ஒரு படமா?"

"அதேதான். பார்த்திருக்கீங்களா?"

"நான் அக்டோபர்ல தேடினேன் சார். ஜெபமாலை மாசம். தூத்துக்குடியில காணாமல் போனவர்னு தட்டினேன். உங்களுதுதான் முதல்ல வந்துச்சு."

தனசீலனுக்குச் சட்டென்று ஒரு பெருமை எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது. எதிரே இருந்த முகம் அப்படி மாறியிருந்தது.

"'தூத்துக்குடியில் காணாமல் போனவரா? இங்கே இருக்கிறார்'. அப்படிப் போட்டிருந்துச்சு. இருக்கிறார்னு. அம்மா படுக்கையில கெடந்தா. கூப்பிட்டேன். அவளால எந்திரிக்க முடியாது. கண்ணாடியை மாட்டிக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டா."

குணசுந்தரி மருந்துப் பெட்டியோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"அழுத்தினேன். உள்ள தூத்துக்குடி தூத்துக்குடின்னு பத்து இடத்துல எழுதியிருக்கு. தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் இல்லை. மேலும் அறியன்னு இருந்துச்சு, அழுத்தினேன். நன்கொடை தாங்கன்னு வந்துச்சு. திரும்பி வந்தேன். எங்கள் இல்லம்னு அழுத்தினேன். ஊர்ப் பேரா வரிசையா வந்துச்சு. மறுபடியும் தூத்துக்குடியை அழுத்தினேன். மறுபடியும் நன்கொடை. சுத்திச் சுத்தி அங்கயேதான் கொண்டுவந்து விடுது. அம்மா கேக்கா, 'இருக்கான்னு போட்டிருக்கே, எங்கட்டி? காட்டுட்டி'ன்னு கேக்கா."

அவர் குரல் ஏறவில்லை. வகுப்பில் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"போனை அணைச்சு வச்சுட்டேன். ஏமாத்துக்காரப் பயலுவம்மா, காசு பிடுங்கதுக்குப் போட்டிருக்கான்னு சொன்னேன். அவ கண்ணாடியைக் கழத்தி வச்சுட்டுப் படுத்தா. கிறிஸ்மஸ் முடிஞ்ச வாரம் போயிட்டா."

மதிலுக்கு அப்பால் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. மதிலோரம் தஸ்நேவிஸ் எழுந்து நின்றார்.

"மேடம், அது வந்து..." தனசீலனின் கையில் முறையீடு இன்னும் இருந்தது. "படம் இருக்கு மேடம். நிஜமாவே இருக்கு. நான் பொய் சொல்லலை."

"காட்டுங்க."

"இப்பவா?"

"இப்ப. எங்க இருந்துச்சுன்னு நான் பாக்கணும்."

தனசீலன் மேசைமேல் இருந்த கணினியைத் திறந்தார். தளம் வந்தது. எங்கள் இல்லம் என்பதை அழுத்தினார். ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்தன. அவர்தான் போட்டிருந்தார். கீழே போனார். சேவைகள் என்று இருந்தது. அழுத்தினார். நன்கொடை வந்தது. பின்னால் வந்தார். படங்கள் முன்பு முதல் பக்கத்திலேயே இருந்தன. வருகிறவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு உடனே போய்விடுகிறார்கள், தளத்தில் தங்குவதில்லை என்று அவர்தான் அவற்றை உள்ளே தள்ளினார். வந்தவனைச் சீக்கிரம் விடாதே, நாலு அறையைச் சுற்றவிடு என்பது தொழிலில் முதல் பாடம். எந்த அறைக்குள் தள்ளினோம் என்பதுதான் இப்போது நினைவுக்கு வரவில்லை. செய்திகள். இல்லை. நிகழ்வுகள். அங்கேயிருந்து மறுபடி ஊர்ப் பெயர்கள். அவருக்குக் காது மடல் சுட்டது.

"நீங்க கட்டின வீடுதானே சார்?" என்றார் பிலோமினா. "உங்களுக்கே வழி தெரியலியா?"

கடைசியில் விழாக்கள் என்ற இடத்துக்குள், பொங்கல் என்ற இடத்துக்குள், ஒரு படத்தொகுப்பின் கோடியில் அது கிடைத்தது. போன வருடப் பொங்கல். பத்துப் பேர் நிற்கும் படத்தில் ஓரமாகத் தஸ்நேவிஸ். கையில் ஒரு கரும்பு. கீழே யார் எவர் என்று ஒரு சொல் கிடையாது.

பிலோமினா குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்திருக்கான்," என்றார். பிறகு, "அம்மா அப்ப இருந்தா," என்றார்.

படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதை அவ பாத்திருந்தாப் போதும் சார். நாங்க வந்து கூட்டிட்டுப் போயிருக்கக்கூட வேண்டாம். சோறு தின்னு, கரும்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான்னு ஒருக்கப் பாத்திருந்தாப் போதும்."

சொல்லிவிட்டு எழுந்தார். தம்பிக்கான மருந்துகளைக் குணசுந்தரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று கவனமாகக் கேட்டுக்கொண்டார். வாசல்வரை வந்த தனசீலன் பையைத் தூக்கக் கை நீட்டினார். பிலோமினா அவர் முகத்தைப் பார்க்காமலே பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு தனசீலன் வெகுநேரம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். குணசுந்தரி வந்து எதிரில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காததே அவருக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் எனக்காகவா செஞ்சேன்? நாலு பேர் வரணும், நாலு காசு சேரணும், இங்க இருக்கறவங்க நல்லா இருக்கணும்னுதானே? அந்த அம்மா என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் ஏமாத்துக்காரனா?"

"ரெண்டு தப்புன்னு சொன்னீங்க அன்னிக்கு. ஒண்ணுதான் சொன்னீங்க."

தனசீலன் திரையைக் காட்டினார்.

"ரெண்டாவது இதுதான். ஊருக்கு ஒரு பக்கம். அவங்க பாஷையில வாசல் பக்கம்னு பேரு. எந்த ஊர்க்காரன் தேடினாலும் அவன் ஊர்ப் பேரைப் போட்டு ஒரு வாசல். உள்ள வந்தா எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும்."

"எத்தனை ஊருக்கு வச்சீங்க?"

"எல்லா ஊருக்கும்."

"எல்லாத்துலயும் அதேதானா? இங்கே இருக்கிறார்னு?"

"ஆமா."

குணசுந்தரியின் முகம் அப்போதுதான் சிவந்தது. இத்தனை நாளில் தனசீலன் அவரை அப்படிப் பார்த்ததில்லை. திட்டுவார் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். குணசுந்தரி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சற்று நேரத்தில் திரும்பி வந்தார். ஒரு மூதாட்டியைக் கைபிடித்து அழைத்து வந்திருந்தார். தனசீலனுக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்.

"எழுதுங்க," என்றார்.

"என்னம்மா எழுத?"

"இவங்க யாருன்னு."

"இவங்களுக்குப் பேர்கூடத் தெரியாதேம்மா."

"பேர் தெரியாதுன்னு எழுதுங்க. அப்புறம் என்ன தெரியுமோ அதை எழுதுங்க."

தனசீலன் மூதாட்டியைப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் கன்னத்தில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள் இருப்பதை இன்றுதான் பார்த்தார். என்ன பாஷை பேசுவார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியிருந்தது. கேட்டார். மூதாட்டி தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, சோறு ஆறிவிடும் சீக்கிரம் எழுந்திரு என்பதுபோலக் கையை ஆட்டினார். தனசீலன் எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடிக்கும்போது குணசுந்தரி அடுத்தவரைக் கைபிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தார்.

அப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் துண்டைச் சும்மாடுபோல் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். எங்கோ மூட்டை தூக்கியவர். ஒரு பெண் பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் பாடுவாள். அது கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது பாடும் பாட்டு என்று சமையற்காரம்மா சொன்னார். பார்த்திபன் வந்து உட்கார்ந்தார். தன் பெயரைப் போடலாம், படத்தைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தனசீலன் அப்படியே எழுதினார்.

ஊர் வாசல்கள் ஒவ்வொன்றையும் அவரே இடித்தார். வெள்ளை எழுத்துகளை எடுத்தார். இப்போது தளத்தைத் திறந்தால் முகங்கள்தான். முகத்தைத் தொட்டால் அவரைப் பற்றித் தெரிந்தது. வேறு அறை கிடையாது. நன்கொடை அடியில் ஓர் ஓரமாக இருந்தது.

சேர்விடத்தைக் கைகாட்டச் சொல்லித் தான் ஏற்பாடு செய்த ஒவ்வொரு தளத்துக்கும் எழுதினார். எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். ஜோசியர் உடனே எடுத்தார். டைல்ஸ் கடைக்காரர், எதற்கு எடுக்கணும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று உபசாரமாகச் சொன்னார். அவருக்கு நாலுமுறை போன் செய்து விளக்க வேண்டியிருந்தது. கடன் ஆப்காரன், எடுக்கவும் காசு கேட்டான். தனசீலனுக்குப் பழைய கோபம் பொங்கி வந்தது. போனிலேயே கத்தினார். பிறகு, அவனை இந்த வீட்டுக்குள் கூட்டிவந்தது யார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

முறையீட்டை வேறு மாதிரி எழுதினார். ஆதரவற்றவர்கள் என்ற சொல் அதில் இல்லை. இதைச் செய்தேன், இதைச் செய்தேன், இதை எடுத்துவிட்டேன், இன்னும் இது பாக்கி இருக்கிறது என்று இருந்தது. குணசுந்தரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தேடுபொறிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். இன்னும் மீதி இருக்கிறது என்று ஒரு வரி. இந்த முறையும் ஆள் பெயர் கிடையாது. மறுபடி தேடி மறுபடி அனுப்பினார். மறுபடி திரும்பியது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் இன்னமும் முதலில் வந்துகொண்டிருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் தனசீலனுக்கு வயிறு எரிந்தது. அவனைப் பற்றி ஒரு புகார் எழுதிப் போட்டார். அதற்குப் பதிலே இல்லை.

இடையில் தளத்தின் தயவு இல்லாமலே ஒரு குடும்பம் வந்தது. நலங்குப் பாட்டுப் பாடும் பெண்ணின் அண்ணன். சும்மாடு கட்டித் தூங்குகிறவரைத் தேடி யாரும் வரவில்லை.

ஆடி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் தனசீலன் கணினியைத் திறந்தார். செய்தி வந்திருந்தது. சேர்விடம் என்று தட்டிப் பார்த்தார். வந்தது. இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் வந்தது. குணசுந்தரியைத் தேடினார். ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

மேம்பாலப் படிக்கட்டின் கீழே ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் குணசுந்தரி மண்டியிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். பெண்ணின் முன்கையில் ஒரு பெயர் பச்சை குத்தியிருந்தது. அழுக்கில் பாதிதான் தெரிந்தது. குணசுந்தரி சேலைத் தலைப்பை நனைத்து அதைத் துடைத்தார்.

தனசீலன் மூச்சு வாங்க வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நம்ம தளம் வந்துடுச்சு! தடையெல்லாம் நீக்கிட்டாங்க. தண்டனை முடிஞ்சுதும்மா!"

குணசுந்தரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நமக்கு முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பெண்ணின் கையைத் துடைத்தார்.